காது கேட்கவில்லையா? கத்தாதீர்கள்!

வீட்டுக் கூடத்தில் டி.வி. அலறுகிறது. பேரன் வந்து சத்தத்தைக் குறைக்கிறான். தாத்தா கூட்டுகிறார். பேரன் மறுபடியும் குறைக்கிறான்.

"மாமா! சாப்பிட வாருங்கள். எத்தனை தடவை கூப்பிடுவது?" என்று சமையல் அறையில் இருந்து மருமகள் குரல் கொடுக்கிறாள்.

தாத்தா சிரித்தபடி தலையை ஆட்டுகிறார். ஆனால் எழுந்து வரவில்லை.

அவர் ஏன் சிரித்தார், தெரியுமா? மருமகள் சொன்னது அவருக்குப் புரியவில்லை. அதனால்தான் சிரித்தார்!

60 வயதைத் தாண்டியவர்களில் 4 பேருக்கு ஒருவர், உதவி தேவைப்படும் அளவுக்குக் காது மந்தமாகி விடுகிறார். உலகம் முழுவதும், எல்லா வயதினரையும் சேர்த்து, இப்படிப்பட்டவர்கள் 43 கோடிப் பேருக்கு மேல் இருக்கிறார்கள். இது உலக சுகாதார நிறுவனம் கூறும் கணக்கு.

கண்ணுக்கு ஒரு நியாயமா?

40 வயதில் எழுத்து மங்குகிறது. உடனே கண்ணாடி வாங்கி மாட்டிக் கொள்கிறோம். அதில் யாருக்கும் வெட்கம் இல்லை.

காது மங்கினால் மட்டும் மறைக்கிறோம். ஏன்?

கண் தெரியாதவர் தடுமாறினால், கை கொடுக்க ஓடுகிறோம். காது கேளாதவர் ஒன்றுக்கு ஒன்று பதில் சொன்னால், சிரிக்கிறோம். சினிமாவில் அதுவே "காமெடி"யாகிவிட்டது. இந்தச் சிரிப்புக்குப் பயந்துதான் பலர் கல்யாண வீட்டில்கூட ஒரு மூலையாகப் பார்த்து உட்கார்ந்து விடுகிறார்கள்.

அனுப்பாத கடிதம்

உலகப் புகழ் பெற்ற ஒரு சங்கீத மேதையும் இப்படித்தான் ஒளிந்து வாழ்ந்தார். அவர் பெயர் பீத்தோவன். 1770-ம் ஆண்டு ஜெர்மனியில் பிறந்தவர். ஆஸ்திரியாவில் உள்ள வியன்னா நகரில் வாழ்ந்தார்.

30 வயது ஆகும் முன்பே அவருடைய காது மங்கத் தொடங்கியது. சங்கீதக்காரருக்குக் காது போனால் என்ன ஆகும்? வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று பயந்தார். நாலு பேர் கூடும் இடத்துக்குப் போவதை நிறுத்திக் கொண்டார். அவரைச் "சிடுமூஞ்சி" என்று ஊர் பேசியது.

1802-ம் ஆண்டு, தன் தம்பிகளுக்கு அவர் ஒரு கடிதம் எழுதினார். "எனக்குக் காது கேட்காது. உரக்கப் பேசுங்கள்" என்று பிறரிடம் சொல்ல வாய் வரவில்லையே என்று அதில் புலம்பி இருந்தார். உயிரை விட்டுவிடலாமா என்று எண்ணியதையும் எழுதி இருந்தார்.

அந்தக் கடிதத்தை அவர் அனுப்பவே இல்லை! 1827-ல் அவர் இறந்த பிறகு, அவருடைய காகிதங்களுக்கு நடுவே அது கிடைத்தது.

பிற்காலத்தில் அவருக்குக் கைகொடுத்தவை சாதாரண நோட்டுப் புத்தகங்கள். பார்க்க வந்தவர்கள் சொல்ல வேண்டியதை அதில் எழுதிக் காட்டுவார்கள். அவர் படித்துவிட்டு வாயால் பதில் சொல்வார். அப்படிப்பட்ட நோட்டுகள் நூற்றுக்கு மேல் இன்றும் இருக்கின்றன.

சத்தம் கேட்கும், சொல் புரியாது

"அவருக்கு வேண்டியது மட்டும் நன்றாகக் கேட்கும்" என்று வீட்டில் குறை சொல்வது உண்டு. பாவம், அது பொய்!

நம் காதுக்குள் நத்தைக் கூடு போல ஓர் உறுப்பு இருக்கிறது. அதில் மயிரிழை போன்ற மெல்லிய அணுக்கள் சுமார் 15 ஆயிரம் உள்ளன. சத்தத்தை வாங்கி மூளைக்கு அனுப்புபவை இவைதான். வயதாலும், ஓயாத இரைச்சலாலும், சில மருந்துகளாலும் இவை செத்துப் போகின்றன. செத்தவை மறுபடி முளைப்பது இல்லை.

பெரும்பாலும் முதலில் போவது, கீச்சென்ற மெல்லிய ஒலிகளைப் பிடிக்கும் அணுக்கள்தான். அதனால் லாரி ஹாரன் கேட்கும். பேத்தியின் மழலை கேட்காது. "கல்" என்று சொன்னால், "பல்" என்று காதில் விழும்.

இவரிடம் போய்க் கத்தினால் என்ன பயன்? சத்தம்தான் கூடுகிறது. சொல் தெளிவது இல்லை. கத்துகிறவர் முகமும் கோபமாகத் தெரியும்!

அவருக்கு எதிரே வந்து நில்லுங்கள். உங்கள் முகத்தில் வெளிச்சம் படட்டும். வாயைக் கையால் மறைக்காமல், நிதானமாகப் பேசுங்கள்.

உதட்டைப் பார்த்தே எல்லாவற்றையும் கண்டுபிடித்து விடுவார் என்றும் எண்ண வேண்டாம். கண்ணாடி முன் நின்று "பாடு" என்று சொல்லுங்கள். பிறகு "மாடு" என்று சொல்லுங்கள். உதடு ஒரே மாதிரிதானே அசைகிறது? ஆகவே, "மாடு" புரியாவிட்டால் அதையே பத்துத் தடவை சொல்லாதீர்கள். "பால் கறக்கிற பசு மாடு" என்று விரித்துச் சொல்லுங்கள்.

டாக்டர் பார்க்கட்டும்

சிலருக்குக் காதில் குறும்பி அடைத்திருக்கும். டாக்டர் அதை எடுத்துவிட்டால், தொல்லை தீர்ந்தது. கோழி இறகு, ஊக்கு, காய்ச்சிய எண்ணெய் எதுவும் காதுக்குள் போகக்கூடாது. சீழ் வடிந்தால், அதற்கு மருந்து உண்டு. செவிப்பறையில் ஓட்டை விழுந்திருந்தால், ஆபரேஷன் செய்து அடைக்கலாம்.

நேற்று வரை நன்றாகக் கேட்ட காது, இன்று திடீரென்று அடைத்துக் கொண்டதா? அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். நாள் கடந்தால், மருந்து பலிப்பது அரிது.

பீரோவில் தூங்கும் மிஷின்

பல வீடுகளில் காது மிஷின் இருக்கிறது. காதில் அல்ல, பீரோவில்!

"போட்டால் ஒரே இரைச்சல்" என்பார்கள். உண்மைதான். மின்விசிறி, பாத்திரம், நாற்காலி எல்லாமே சத்தம் போடும். பல ஆண்டுகள் அமைதிக்குப் பழகிய மூளை, திடீரென்று திகைத்துப் போகிறது. கண்ணாடி மாதிரி போட்ட உடனே பலன் தெரியாது. முதலில் வீட்டில், அமைதியான நேரத்தில், ஓரிரண்டு மணி நேரம் போட வேண்டும். நாளுக்கு நாள் கூட்ட வேண்டும். பழகச் சில வாரங்கள் ஆகும். இரைச்சல் தாங்க முடியாவிட்டால், வாங்கிய இடத்துக்கே போய்த் திருத்திக் கொள்ளலாம்.

சோதனை செய்யாமல், விளம்பரத்தைப் பார்த்து மட்டும் வாங்குவது வீண் செலவு. பணம் இல்லாதவர்கள் தங்கள் மாவட்டத்தில் உள்ள மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேட்கலாம். தகுதி உள்ளவர்களுக்கு அரசு இலவசமாகவே காது மிஷின் கொடுக்கிறது.

"அவன் அப்பாவும் அப்படித்தான்"

கிழவர்கள் கதையாவது மெதுவாக நடக்கிறது. பிறவியிலேயே காது கேளாத குழந்தைக்கு ஒவ்வொரு மாதமும் முக்கியம். கேட்டால்தானே பேச்சு வரும்?

"இவன் அப்பாவும் 3 வயதில்தான் பேசினான்" என்று பாட்டிமார் தேறுதல் சொல்வார்கள். அதை நம்பி உட்கார்ந்துவிட வேண்டாம். கையைத் தட்டிப் பார்ப்பதும் போதாது. குழந்தை சத்தத்துக்குத் திரும்பாமல், கையசைவைக் கண்டு திரும்பலாம். பிறந்த குழந்தையின் காதைச் சோதிக்கவே கருவி இருக்கிறது. வலி கிடையாது. 6 மாதத்துக்குள் உதவி தொடங்கிவிட்டால், பேச்சு நன்றாக வரும்.

மிஷினாலும் கேட்காத குழந்தைகளுக்குக் காதுக்குள்ளேயே கருவி பொருத்தும் ஆபரேஷன் உண்டு. அதன் பெயர் காக்ளியர் இம்பிளான்ட். வெளியில் செய்தால் லட்சக்கணக்கில் செலவாகும். தமிழ்நாட்டில் முதலமைச்சர் மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்தில் சேர்ந்துள்ள குடும்பங்களில், 6 வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு இதைச் செய்கிறார்கள்.

ஆபரேஷன் முடிந்த மறுநாளே குழந்தை பேசிவிடாது. கேட்பது என்றால் என்ன என்பதையே அது புதிதாகக் கற்க வேண்டும். சென்னையில் 1969-ல் தொடங்கப்பட்ட பால வித்யாலயா, இப்படிப்பட்ட சின்னஞ்சிறு குழந்தைகளுக்கான பள்ளிக்கூடம். அங்கே குழந்தையோடு தாயும் வகுப்பில் உட்கார்ந்து பாடம் கற்கிறாள்.