பன்னிரண்டு நாள் பண்டிகை

ஸ்வீடன் தேசத்தில், மாரடைப்பு கண்டு ஆஸ்பத்திரியில் சேர்க்கப்படுவோரின் விவரங்களைப் பதிந்து வைக்கும் தேசியப் பதிவேடு ஒன்று உண்டு. 1998ஆம் ஆண்டு முதல் 2013 வரை அதில் ஏறிய 2,83,014 மாரடைப்புகளை, அவை எந்த நாளில், எந்த மணியில் தொடங்கின என்று பிரித்து ஆராய்ந்த வைத்தியர்கள், 2018இல் ‘பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல்’ சஞ்சிகையில் தங்கள் முடிவை வெளியிட்டார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட பண்டிகை நாட்களுள் ஆபத்து மிகுந்தது டிசம்பர் 24 என்றும், முன்பின்னான வாரங்களோடு ஒப்பிட அன்று மாரடைப்பு 37 சதவீதம் கூடுதலாக நேர்கிறது என்றும், இரவு பத்து மணி அளவில் அது உச்சத்தைத் தொடுகிறது என்றும் கண்டார்கள். எழுபத்தைந்து வயதைக் கடந்தவர்களும், நீரிழிவு உள்ளவர்களும், முன்னமே இருதய நோய் கொண்டவர்களுமே இதில் அதிகமாக அகப்பட்டார்கள். அந்நாட்டில் குடும்பம் கூடி விருந்துண்பது 24ஆம் தேதியன்றுதான் என்பதையும், அதே ஜனங்கள் கொண்டாடும் ஈஸ்டர் பண்டிகையில் இத்தகைய ஏற்றம் காணப்படவில்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால் விஷயம் இன்னும் சிந்தனைக்குரியதாகிறது.

குளிர் காலத்தில் இருதயம் துன்புறுவது இயல்பே என்று இதற்குச் சமாதானம் சொல்லலாம். ஆனால் டிசம்பர் மாதம் கோடைக்காலமாக இருக்கிற நியூசிலாந்திலும், கிறிஸ்துமஸ் முதல் ஜனவரி 7 வரையுள்ள நாட்களில், ஆஸ்பத்திரிக்கு வெளியே நேரும் இருதய மரணங்கள் எதிர்பார்க்கத்தக்க அளவைவிடச் சுமார் 4 சதவீதம் மிகுந்திருப்பதாக 2016இல் வெளியான ஓர் ஆராய்ச்சி கூறுகிறது. ஆகவே பழி முழுவதையும் பனியின்மேல் போட இடமில்லை. மனத்தின் பரபரப்பு, மிதமிஞ்சிய ஆகாரம், மது, பிரயாணம், இவற்றோடு, பண்டிகையும் அதுவுமாக எப்படி ஆஸ்பத்திரிக்குப் போவது என்று வலியை அடக்கிக்கொண்டிருக்கும் தயக்கம் ஆகிய யாவும் ஒரே சமயத்தில் வந்து கூடுவதையே வைத்தியர்கள் காரணமாக எண்ணுகிறார்கள்.

ஸ்டாக்ஹோமுக்கும் நாகர்கோவிலுக்கும் தட்பவெப்பத்தில் ஒற்றுமை இல்லை. பண்டிகைக்கு முந்தின இரவின் தன்மையில் நிரம்ப ஒற்றுமை உண்டு. அரையாண்டுப் பரீட்சை முடிந்து பிள்ளைகள் வீட்டிலிருக்க, சென்னையில் உத்தியோகம் பார்க்கும் மகனும் மருமகளும் கன்னியாகுமரி எக்ஸ்பிரஸில் உட்காரவும் இடமின்றி வந்து இறங்க, பத்து நாளாக ‘கேரல் ரவுண்ட்ஸ்’ என்று நடுநிசிவரை தெருத்தெருவாய்ப் பாடித் திரிந்த இளைஞர்கள் தொண்டை கட்டி நிற்க, முற்றத்தில் குடில் பாதியில் நிற்க, சமையற்கட்டில் கடைசி ஈட்டு அச்சுமுறுக்கு எண்ணெயில் வெந்துகொண்டிருக்க, மறுநாள் பிரியாணிக்கு ஆட்டிறைச்சி சொல்லிவைக்க வேண்டுமே என்ற கவலையோடு வீட்டுத் தலைவர் வெளியே புறப்படும்போது ஆலயமணி அடிக்கத் தொடங்கிவிடுகிறது. ஒரு பருவத்து மழை முழுவதையும் ஒரே இரவில் வாங்கிக்கொள்ளும்படி ஏரியைக் கேட்பது போன்றது இது.

பண்டிகையை ஏற்படுத்திய முன்னோர் இப்படி ஏற்படுத்தவில்லை என்பதையே நான் முக்கியமாகச் சொல்ல விரும்புகிறேன். பூர்வீகத் திருச்சபையின் காலக்கிரமத்தில் கிறிஸ்துமஸுக்கு முன்னே இருந்தது உபவாசம். கீழைத் திருச்சபைகளில் பல நாற்பது நாள் நோன்பு காத்தன. கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர்கள் டிசம்பர் முதல் தேதி தொடங்கி இருபத்தைந்து நாள் மச்சமாமிசம் விலக்குவதை இன்றும் காணலாம். மேலைநாட்டில் இடைக்காலத்தவர் நவம்பர் 11ஆம் தேதியாகிய புனித மார்ட்டின் திருநாள் முதலே ஆகாரத்தைச் சுருக்கினார்கள். விருந்து 25ஆம் தேதி தொடங்கி, மூன்று ராஜாக்கள் திருநாளாகிய ஜனவரி 6 வரை நிதானமாக நடந்தது. 567ஆம் ஆண்டில் பிரான்ஸ் தேசத்துத் தூர் நகரில் கூடிய சங்கம் இந்தப் பன்னிரண்டு நாட்களையும் பண்டிகைக் காலமாகவே அங்கீகரித்தது. இப்போதோ டிசம்பர் முதல் வாரத்திலேயே அலுவலகங்களிலும் கல்லூரிகளிலும் கேக் வெட்டத் தொடங்கி, 25ஆம் தேதி மாலைக்குள் சரீரமும் பணப்பையும் சோர்ந்துபோய், 26ஆம் தேதி பண்டிகை முடிந்ததென்று நட்சத்திரத்தை இறக்கிவிடுகிற வழக்கம் பரவிவருகிறது. முன்னோர் முறையில் பக்தி மட்டுமல்ல, சரீர சாஸ்திரமும் அடங்கியிருந்தது என்பது என் உறுதியான அபிப்பிராயம்.

ஆகாரத்தை எடுத்துக்கொள்வோம். பண்டிகைக் காலத்தில் மனிதர் ஐந்து கிலோ ஆறு கிலோ பருத்துவிடுவதாகப் பேசிக்கொள்வது மிகை. அமெரிக்காவில் 195 பேரை நிறுத்துப் பார்த்து 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆராய்ச்சியில், விடுமுறைக் காலத்துக்குரிய சராசரி ஏற்றம் அரைக் கிலோவுக்கும் குறைவாகவே இருந்தது. ஆனால் அந்த அற்ப ஏற்றம் அடுத்த வருஷம் முழுவதும் இறங்காமல் தங்கிவிட்டது என்பதுதான் கவனிக்க வேண்டிய செய்தி. பின்னர் இங்கிலாந்தில் பர்மிங்காம் சர்வகலாசாலையார், 272 பேரை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினரை வாரத்துக்கு இருமுறை எடை பார்க்கச் சொல்லி, எளிய யோசனைகள் சிலவும் கொடுத்ததில், அவர்கள் பண்டிகை உணவைத் துறக்காமலே எடை ஏறாமல் தப்பினார்கள். ஆகையால் பலகாரத்தைக் கண்டு பயப்பட வேண்டியதில்லை. கணக்குத் தப்பாமல் உண்டால் போதும்.

நம் பலகாரங்களும் எல்லாம் ஒரு ஜாதியல்ல. முந்திரிக்கொத்தில் வறுத்த சிறுபயறும் எள்ளும் தேங்காயும் கருப்பட்டியோ வெல்லமோ சேர்ந்திருக்கின்றன. இனிப்பும் எண்ணெயும் உண்டென்றாலும் அதில் புரதச் சத்து இருக்கிறது, இரண்டு தின்றால் வயிறு நிறைகிறது. மைதாவும் சர்க்கரையுமான கடை இனிப்புகள் அப்படி நிறைவு தருவதில்லை. கேடு பெரும்பாலும் எண்ணெயில் இருக்கிறது. மூன்று நாள் தொடர்ந்து பலகாரம் சுட்ட எண்ணெய் கறுத்து, குழம்பித் தடித்துப் புகையத் தொடங்கினால் அது ஆகாரத்துக்குத் தகுதியை இழந்துவிட்டது. இப்படிக் கெட்டு விளையும் பொருள்கள் 25 சதவீதத்தைத் தாண்டிய எண்ணெயைச் சமையலுக்கு உபயோகிக்கக் கூடாதென்று 2018 ஜூலை முதல் நம் நாட்டு உணவுப் பாதுகாப்பு விதியே இருக்கிறது. வீட்டில் அளக்கக் கருவியில்லை; நிறமும் நுரையும் வாடையும் சாட்சி சொல்லும். அதை மறுநாள் குழம்பு தாளிக்க எடுத்துவைக்காமல் ஒதுக்கிவிடுவதே நல்லது.

பிரியாணி விஷயத்தில் இன்னும் எச்சரிக்கை வேண்டும். காலை ஆராதனைக்கு முன்பே அண்டாவில் தம் போட்டு இறக்கி, விருந்தாளிகள் வரவரப் பரிமாறி, மிச்சத்தைச் சாயங்காலம் வரை மூடி வைத்திருப்பது வழக்கம். சோற்றிலுள்ள சில நுண்ணுயிர்களின் வித்துகள் கொதியிலும் சாவதில்லை. சோறு வெதுவெதுப்பாக இருக்கும்போது அவை முளைத்துப் பெருகி விஷத்தை உண்டாக்குகின்றன, அந்த விஷம் மறுபடி சூடாக்கினாலும் போவதில்லை. 60 பாகைக்கு மேல் சூடாகவோ 5 பாகைக்குக் கீழ்க் குளிர்ச்சியாகவோ இல்லாத சமைத்த உணவை இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைத்திருக்கலாகாது. ஆகவே இறக்கிய கையோடு மிச்சமாகக்கூடியதை அகலமான பாத்திரங்களில் பரப்பி ஆறவைத்துக் குளிர்பெட்டிக்குள் எடுத்து வைப்பதும், அண்டை வீட்டாருக்கு அனுப்புவதைச் சூட்டோடு அனுப்புவதும் உசிதம்.

நடுச்சாமப் பூசைக்குப் போகிற கத்தோலிக்கக் குடும்பங்களில் முதியவர்கள், நற்கருணை வாங்குமுன் எதுவும் வாயில் படக்கூடாதென்று மாலை முதலே பட்டினியிருப்பதைக் காணலாம். அவர்களுடைய சிறுவயதில் விதி கடுமையாகவே இருந்தது. நள்ளிரவிலிருந்து தண்ணீரும் விலக்கு. 1953இல் பாப்பரசர் பன்னிரண்டாம் பத்திநாதர் தண்ணீரை அனுமதித்தார். 1957இல் உபவாசத்தை மூன்று மணியாகவும், 1964இல் ஆறாம் சின்னப்பர் ஒரு மணியாகவும் குறைத்தார்கள். மருந்தும் தண்ணீரும் உபவாசத்தைக் குலைப்பதில்லை என்பதும், முதியவர், நோயாளி, அவர்களைப் பராமரிப்பவர் ஆகியோருக்கு அந்த ஒரு மணியும் கட்டாயமில்லை என்பதும் இன்றைய திருச்சபைச் சட்டம். இதை வீட்டுப் பெரியவர்களுக்கு அன்போடு எடுத்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறோம். ஏனெனில், இன்சுலின் போட்டுக்கொண்டோ, கிளிமிபிரைடு போன்ற மாத்திரை விழுங்கியோ, இராச்சாப்பாட்டைத் தள்ளிப்போட்டால், கூட்டத்தின் நடுவே வியர்த்து, கை நடுங்கி, நினைவு தடுமாறிச் சரியும் அபாயம் உண்டு. வழக்கமான நேரத்தில் லகுவாகச் சாப்பிட்டுவிட்டு, பையில் கொஞ்சம் சர்க்கரையும் மறுநாளைக்கு உரிய மாத்திரைகளும் எடுத்துக்கொண்டு போகட்டும். உறவினர் வீட்டுக்குப் பிரயாணம் போகிறவர்கள் மறக்கிற வஸ்துக்களில் மாத்திரைச் சீட்டே முதன்மையானது. டிசம்பர் இருபதுக்குள் ஜனவரி வரைக்குமான மருந்தை வாங்கி வைத்துவிட்டால் கதவடைத்த மருந்துக் கடைகளைத் தேடி அலைய நேராது.

மதுவைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்வேன். 1978இல் அமெரிக்க வைத்தியர் பிலிப் எட்டிங்கரும் அவருடைய சகாக்களும், வேறு இருதய நோய் வெளிப்படையாக இல்லாதவர்களுக்குங்கூட, விடுமுறையில் மிகையாகக் குடித்தபின் இருதயம் தாளம் தப்பித் துடிப்பதை விவரித்து, அதற்கு ‘விடுமுறை இருதயம்’ என்று பேரிட்டார்கள். வருஷம் முழுவதும் தொடாதவர்களும் பண்டிகையன்று நண்பர்களுக்காகத் தொடுகிறார்களே, அவர்கள் இந்தச் செய்தியை அறிந்திருக்க வேண்டும். அன்று வாகனம் ஓட்டுவது குறித்துச் சொல்லவும் வேண்டுமோ?

நித்திரை எல்லாவற்றிலும் அருமையான மருந்து. வயது வந்தவருக்கு ஏழு மணி நேரம் வேண்டும். 24ஆம் தேதி இரவில் அது கிட்டாது, கிட்டாததில் குற்றமுமில்லை. அதற்கு முந்தின மூன்று இரவுகளைப் பத்திரமாகக் காத்துக்கொண்டால், ஓர் இரவு விழிப்பைச் சரீரம் தாங்கிக்கொள்ளும். விருந்துக்குப் பின் ஒரு கால் மணி நேரம் தெருவில் நடந்தால் இரத்தத்தில் சர்க்கரை ஏறுவது மட்டுப்படுகிறது. கிறிஸ்துமஸ் மாலையில் குடில் பார்க்கக் குழந்தைகளோடு கோயில் கோயிலாக நடப்பதைவிட இனிய வைத்தியம் எனக்குத் தெரியவில்லை.

ஆனால் இந்த யோசனைகளெல்லாம் ஒருத்தரை எட்டுவதேயில்லை. அவர் அடுப்படியில் நிற்கிற தாயார். டிசம்பர் பதினைந்திலிருந்து மாவு இடித்து, பாகு காய்ச்சி, எண்ணெய்ச் சூட்டில் நின்று, எல்லாரையும் உபசரித்து, ஆராதனைக்குக் கடைசியாகப் போய், முதலாவதாகத் திரும்பி வந்து, பந்தி முடிந்தபின் ஆறிப்போன சோற்றை உண்கிற அந்த மாதரசிக்கு விச்ராந்தி என்பதே இல்லாத வீட்டில், மற்றவர்களின் ஆரோக்கியத்தைப் பற்றிப் பேசுவது எனக்குக் கூச்சத்தைத் தருகிறது. பலகாரம் ஏழு வகை வேண்டாம், மூன்று போதும் என்று வீட்டு ஆண்கள் முதலில் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு, அச்சைப் பிடிக்கவும் அண்டாவைத் தேய்க்கவும் உள்ளே போக வேண்டும். 26ஆம் தேதி அடுப்புக்கு முழு விடுமுறை கொடுத்து, பழையதும் துவையலுமாக எளிமையாக உண்ணலாம். அந்தப் பழையதும் இரவே சோறு ஆறியவுடன் தண்ணீர் ஊற்றிப் பத்திரப்படுத்தியதாக இருக்கட்டும்.

பன்னிரண்டு நாள் என்ற ஏற்பாடு இங்கேதான் பெரிதும் உதவுகிறது. உறவினர் வீடுகள் எட்டையும் ஒரே நாளில் சுற்றி, எட்டு வீட்டிலும் காபியும் கேக்கும் மறுக்க முடியாமல் உண்டு, எவரோடும் ஆற அமரப் பேசாமல் திரும்புவதற்குப் பதிலாக, நாளைக்கு ஒரு வீடாக ஜனவரி 6 வரை போய்வரலாம். பிள்ளைகளெல்லாம் அயல்நாட்டிலிருக்கத் தனியே வாழும் முதிய தம்பதியர் வீட்டுக்கு 25ஆம் தேதி ஆள் வருவதுண்டு. 28ஆம் தேதி எவரும் வருவதில்லை. அந்த வருஷத்தில் மரணம் நேர்ந்த வீடும் ஊரில் ஒன்றிரண்டு இருக்கும். அங்கே அநேகமாக நட்சத்திரம் கட்டமாட்டார்கள், பலகாரம் சுடமாட்டார்கள். உறவினரும் அண்டை வீட்டாரும் கொண்டுவந்து கொடுக்கிற பலகாரத்தட்டு வாசலோடு திரும்பிவிடாமல், கொண்டுபோனவர் உள்ளே போய் உட்கார்ந்து, இறந்தவரைப் பற்றி அவர்கள் பேச விரும்பினால் பேசவிட்டுக் கேட்டிருக்க அவகாசம் வேண்டும். அந்த அவகாசம் 25ஆம் தேதியில் கிடைக்காது. மீந்த பதினொரு நாட்களில் தாராளமாகக் கிடைக்கும்.

இன்னும் ஒன்று. பண்டிகை இரவில் மார்பில் அழுத்தமோ, இடது தோளுக்கும் தாடைக்கும் பரவும் வலியோ, காரணமில்லாத மூச்சுத் திணறலும் வியர்வையுமோ கண்டால், வாயுவென்று சோடா குடித்துவிட்டு விடியட்டும் என்று காத்திராமல், உடனே 108க்குத் தொலைபேசி செய்ய வேண்டும். வீட்டிலுள்ளவர்களின் சந்தோஷம் கெட்டுவிடுமே என்று பெரியவர்கள் வலியை மறைப்பார்கள். ஆகவே அவர்கள் முகம் வெளுத்து ஒதுங்கி உட்கார்ந்திருப்பதைப் பாட்டுச் சத்தத்தின் நடுவிலும் எவராவது ஒருவர் கவனித்துப் பக்கத்தில் போய் விசாரிக்க வேண்டும்.