வாசித்தவர் யார்?

ஒரு பாடலை ஒலியேற்றும் முன் படம், இசையமைப்பாளர், பாடியவர், எழுதியவர் என நான்கு விவரங்களைச் சொல்வது வானொலி வழக்கம். கித்தார் யார், புல்லாங்குழல் யார் என்று நேயர்களும் கேட்பதில்லை.

சென்ற மாதம் புக்கிட் செந்தோசாவில், வாழை இலை உணவகம் ஒன்றில் ஒரு பெரியவர் கேட்டார். நான் “கொஞ்சம் ரசம் கொடுங்கண்ணே” என்றதுமே பக்கத்து மேசையிலிருந்து திரும்பிவிட்டார்.

“ரேடியோவுல பேசற பிள்ளைதானே நீ? குரல் சொல்லுதே!”

கடையில் ‘இளைய நிலா’ ஓடிக்கொண்டிருந்தது. அவருடைய இடது கை விரல்கள் மேசை விளிம்பில் தாமாகவே நகர்ந்தன.

“இந்தப் பாட்டுல கித்தார் வாசிச்சது யாரும்மா?”

“ஆர். சந்திரசேகர், ஐயா.”

முகம் மலர்ந்துவிட்டது. “பேரைச் சொல்லிட்டியே!”

அவர் பேஸ் கித்தார் கலைஞர். தோட்டத்தில் பிறந்தவர். எண்பதுகளில் திருவிழா மேடைகளிலும், கோலாலம்பூர் ஒலிப்பதிவுக் கூடங்களில் உள்ளூர்ப் பாடல்களுக்கும் வாசித்தவர். கேசட்டைத் திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் காதாலேயே கற்றுக்கொண்டாராம்.

“எத்தனை கேசட்டுல வாசிச்சேன்னு எனக்கே கணக்கில்லம்மா. ஒண்ணுலயும் என் பேரு இல்ல. பேரன்கிட்டச் சொன்னா, ‘எங்க தாத்தா போட்டிருக்கு?’ன்னு கேக்குறான்.”

அவர் குரலில் கோபம் இல்லை. அதனால்தான் அது மனத்தில் தங்கிவிட்டது.

‘இளைய நிலா’ இடம்பெற்ற ‘பயணங்கள் முடிவதில்லை’ 1982-இல் வந்தது. இசை இளையராஜா, பாடியவர் எஸ்.பி.பாலசுப்ரமணியம், வரிகள் வைரமுத்து. இவை பலருக்கும் மனப்பாடம். ஆனால் அந்தப் பாட்டை நினைத்ததும் முதலில் காதில் ஒலிப்பது சந்திரசேகரின் கித்தார் அல்லவா? ‘பம்பாய்’ (1995) படத்தின் கருவிசையை உருக வைத்த புல்லாங்குழல், நவீன் குமாருடையது.

இளையராஜாவே 1976-இல் ‘அன்னக்கிளி’ வரும் முன், சலில் சௌத்ரி போன்றோருக்குக் கித்தார் வாசித்தவர்தான். ஏ.ஆர்.ரஹ்மான் 1992-இல் ‘ரோஜா’வுக்கு முன் இளையராஜா குழுவில் கீபோர்ட் வாசித்தார். பின்னர் தம் கேசட் உறைகளில் வாசித்த கலைஞர்களின் பெயர்களையும் அச்சிட வைத்தார். அதனால்தான் பல பெயர்கள் நமக்குத் தெரிய வந்தன.

அந்தக் காலத்தில் பல தடங்களில் தனித்தனியாகப் பதிவு செய்யும் வசதி குறைவு. பாடகரும் வாத்தியக்காரர்களும் ஒன்றாகவே வாசிப்பார்கள். ஒருவர் தாளம் தவறினால் எல்லோரும் முதலிலிருந்து தொடங்க வேண்டும். அன்றைய வாசிப்புக்கு அன்றே ஊதியம். பாட்டு எத்தனை ஆண்டு ஒலித்தாலும் பெரும்பாலானோருக்கு அதோடு கணக்கு முடிந்தது. பிறகு கணினி வந்தது. ஒரே கீபோர்டில் பத்து வாத்தியங்கள் வந்தன. பலருக்கு அழைப்புகள் குறைந்தன.

இங்கே நம்மால் செய்யக்கூடியது ஒன்று உண்டு. வீட்டில் பழைய உள்ளூர் கேசட்டுகள் இருந்தால் எறியாதீர்கள். உங்கள் தாமானில் வாசித்தவர் எவரேனும் இருந்தால், எந்தப் பாட்டு, எந்த ஆண்டு, யாரோடு என்று கேட்டு எழுதி வையுங்கள்; கைப்பேசியில் பேச வைத்துப் பதிவு செய்யுங்கள். புதிய பாடல் வெளியிடும் இளைஞர்களே, இணையத்தில் பதிவேற்றும்போது வாசித்தவர்களின் பெயர்களையும் மறக்காமல் சேருங்கள். நாளை ஒரு பேரன் தேடினால், தாத்தாவின் பெயர் கிடைக்க வேண்டும்.