டர்ஹாம் பேஸ்பால்: பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு கதை

நார்த் கரோலினாவில் ராலே, டர்ஹாம் பக்கம் இருக்கிற நம்ம குடும்பங்களுக்கு டர்ஹாம் புல்ஸ் மேட்ச் புதுசு இல்லை. ஆபீஸ் அவுட்டிங்கோ, பிள்ளைகளின் கோடை லீவோ, ஒரு சாயங்காலம் அங்கே போயிருப்போம். பாப்கார்ன், மாஸ்காட்டோடு ஒரு போட்டோ, அப்புறம் வீடு. ஆனால் அந்த ஊரின் பேஸ்பாலுக்குப் பின்னால் நூறு வருடத்துக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. மேட்சுக்குப் போகும் வழியில் காரிலேயே சொல்லி முடித்துவிடலாம்.

டர்ஹாம் புகையிலையால் வளர்ந்த ஊர். 1902-ல் அணி தொடங்கியபோது அதன் பெயரே டொபாக்கோனிஸ்ட்ஸ். 'புல் டர்ஹாம்' புகையிலையின் காளைதான் 1913-ல் புல்ஸ் என்று அணிக்குப் பெயரானது. இது மைனர் லீக் அணி. வீரர்களை மேலே இருக்கும் மேஜர் லீக் கிளப்தான் அனுப்பும், வேண்டும்போது கூப்பிட்டுக்கொள்ளும். இப்போது புல்ஸ், டாம்பா பே ரேஸ் கிளப்பின் டிரிபிள்-ஏ அணி, அதாவது மேஜருக்கு ஒரே ஒரு படி கீழே. இவான் லாங்கோரியாவும் டேவிட் பிரைஸும் இந்தப் படியில் ஏறிப் போனவர்கள்தான்.

ஊரில் கல்லூரி பேஸ்பாலும் பலமாக இருந்தது. ட்யூக் பல்கலைக்கழக மைதானத்துக்கு ஜாக் கூம்ப்ஸ் பெயர். 1910-ல் பிலடெல்பியா அத்லெடிக்ஸுக்காக ஒரே சீசனில் 31 ஆட்டங்களை வென்ற பிட்சர் அவர். 1929 முதல் 1952 வரை ட்யூக் அணிக்குப் பயிற்சியாளர். கடைசி வருடம் அணியைக் கல்லூரி உலகத் தொடருக்கே கொண்டுபோனார். அந்த அணியில் ஆடிய டிக் க்ரோட், மைனர் லீக்கில் ஒரு ஆட்டம்கூட ஆடாமல் நேராக பிட்ஸ்பர்க் பைரேட்ஸுக்குப் போய், 1960-ல் நேஷனல் லீக்கின் எம்விபி ஆனார்.

ஆனால் அந்தக் கல்லூரி வாசல் எல்லோருக்கும் திறந்திருக்கவில்லை. ட்யூக்கில் கருப்பின இளங்கலை மாணவர்கள் முதன்முதலில் சேர்ந்தது 1963-ல்தான். அதே வருடம் கலிபோர்னியாவின் ஓக்லாந்தில் வளர்ந்த 19 வயது ஜோ மோர்கன் புல்ஸுக்கு ஆட வந்தார். தெற்கே பேஸ்பால் மைதானங்களில்கூடக் கருப்பினத்தவருக்குத் தனி இடம் ஒதுக்கிய காலம் அது. மோர்கன் 1990-ல் ஹால் ஆஃப் ஃபேமில் இடம் பெற்றார். அவர் அணிந்த 18-ஆம் எண்ணை புல்ஸ் இன்று வேறு யாருக்கும் கொடுப்பதில்லை.

அதே ஊரில் 1910-ல் கருப்பின மாணவர்களுக்காகத் தொடங்கியதுதான் இன்றைய நார்த் கரோலினா சென்ட்ரல் பல்கலைக்கழகம். புல்ஸ் விட்டுப்போன பழைய மைதானத்தில் அதன் அணி ஆடிவந்தது. 2021 சீசனோடு செலவு கட்டுப்படியாகவில்லை என்று அணியையே நிறுத்திவிட்டார்கள்.

புல்ஸும் ஒருமுறை காணாமல் போனதுதான். 1972 முதல் 1979 வரை ஊரில் அணியே இல்லை. 1980-ல் மைல்ஸ் வுல்ஃப் மீட்டுக் கொண்டுவந்தார். 1988-ல் கெவின் காஸ்ட்னர் நடித்த 'புல் டர்ஹாம்' படம் வந்து ஊர் பெயர் நாடு முழுக்கப் பரவியது. புது ஸ்டேடியம் கட்டப் பணம் திரட்டலாமா என்று 1990-ல் கவுன்டி மக்களிடம் வாக்கெடுத்தபோது, வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். நகராட்சி விடவில்லை. வேறு வழியில் கடன் திரட்டி டவுன்டவுனிலேயே கட்டியது, 1995-ல் திறந்தார்கள். எதிரே 1987-ல் மூடிக் கிடந்த சிகரெட் ஃபாக்டரி, 2004 முதல் ஆபீஸ்களாக மாறியது. சிகரெட் செய்த கட்டிடத்தில் இன்று கோட் எழுதுகிறார்கள்.

இதெல்லாம் நமக்கு எதற்கு? 1965-ல் குடியேற்றச் சட்டம் மாறியதால்தான் நம் அப்பா அம்மாக்களில் பலர் இந்த நாட்டுக்கு வர முடிந்தது. மோர்கன் டர்ஹாமில் ஆடி இரண்டே வருடம் கழித்து, அதே சிவில் உரிமைப் போராட்டத்தின் காற்றில் வந்த மாற்றம் அது. ட்யூக்கில் சேரணும் என்று ஆசைப்படும் நம்ம பிள்ளைகளுக்கு, அந்த வாசல் தானாகத் திறக்கவில்லை என்பது தெரிந்திருக்கணும்.

அடுத்த மேட்சுக்குப் பத்து நிமிடம் முன்னதாகக் கிளம்புங்கள். டவுன்டவுனின் வடக்கே பழைய மைதானம் இன்னும் இருக்கிறது. அதைக் காட்டிவிட்டுப் புதியதுக்குப் போங்கள். போகும்போது 18-ஆம் எண் யாருடையது என்று கேளுங்கள். பின் சீட்டிலிருந்து பதில் வரவில்லை என்றால், கதையை அங்கிருந்தே ஆரம்பிக்கலாம்.