மருத்துவமனை மருந்துக் கிடங்கில் இட ஒதுக்கீடும் பொருளெடுப்பும்

ஆய்வுச் சுருக்கம்

மருத்துவமனைக் கிடங்கில் ஒரு பொருளுக்குரிய இடத்தை எந்த அளவுகோலால் முடிவு செய்வது என்பதை இக்கட்டுரை ஆராய்கிறது. விலை, எடுப்பு எண்ணிக்கை, உயிர்காக்கும் தன்மை, பெயர் ஒப்புமை ஆகியன ஒரே பொருளுக்கு வெவ்வேறு இடங்களைச் சுட்டுகின்றன. அவை முரண்படும்போது விரைவைவிடப் பிழையின்மைக்கே முதன்மை தரப்பட வேண்டும் என்பது இதன் கருத்தாகும்.

குறிச்சொற்கள்: மருந்துக் கிடங்கு, பொருளெடுப்பு, இண்டெண்ட், பெயர் ஒப்புமை, இருபெட்டி முறை

முன்னுரை

1994ஆம் ஆண்டு நிறுவப்பெற்ற தமிழ்நாடு மருத்துவப் பணிகள் கழகம், அரசு மருத்துவமனைகளுக்கான மருந்துகளை மையமாகக் கொள்முதல் செய்து மாவட்டக் கிடங்குகள் வழியே வழங்கி வருகிறது. ஒவ்வொரு மருத்துவமனையும் தனக்கு ஒதுக்கப்பட்ட தொகைக்குள் பாஸ்புக் வழியாகத் தேவையானவற்றைப் பெறும் இம்முறை பிற மாநிலங்களுக்கும் முன்மாதிரியாயிற்று. எனினும், மருத்துவமனையை வந்தடைந்த மருந்து நோயாளியின் படுக்கையை அடைவதற்கு இன்னொரு கட்டத்தைக் கடக்க வேண்டியுள்ளது. வார்டிலிருந்து இண்டெண்ட் வருகிறது. மருந்தாளுநர் அலமாரிகளிடையே நடந்து ஒவ்வொன்றாக எடுத்து வைக்கிறார். இக்கடைசிக் கட்டத்தில் நேரும் தாமதமும் பிழையும் நல்ல கொள்முதலின் பயனைக் கெடுத்துவிடக்கூடும்.

பொருளெடுப்பின் கூறுகள்

பொருளெடுப்பை நடத்தல், தேடுதல், எடுத்தல், சரிபார்த்தல் என நான்காகப் பகுக்கலாம். பெரிய வணிகக் கிடங்குகளில் நடையே மிகுதியான நேரத்தைக் கொள்கிறது. மருத்துவமனைக் கிடங்கோ பரப்பில் சிறியது. ஆயின் மாத்திரை, ஊசிமருந்து, கட்டுத்துணி, குழாய் எனப் பல்வகைப் பொருள்கள் அதில் நெருங்கியுள்ளன. எனவே, இங்குத் தேடுதலே பெருஞ்சுமையாகிறது. அலமாரி, தட்டு, பெட்டி ஆகியவற்றின் எண்களைச் சேர்த்து ஒவ்வோர் இடத்திற்கும் ஒரு முகவரி தரப்படுமானால், பணிக்குப் புதியவரும் பிறரைக் கேளாமல் பொருளைக் கண்டறிய இயலும். இண்டெண்ட் பட்டியலும் அம்முகவரி வரிசையிலேயே அமைந்தால் ஒரே சுற்றில் பணி முடியும்.

விலையும் எடுப்பு எண்ணிக்கையும்

ஏ, பி, சி எனப் பொருள்களை ஆண்டுச் செலவின் அடிப்படையில் பகுக்கும் முறை கொள்முதல் கட்டுப்பாட்டிற்கு உரியது. அதனையே இட ஒதுக்கீட்டிற்கும் பயன்படுத்துவது பொருந்தாது. விலையுயர்ந்த எதிருயிரி மருந்து மாதத்தில் சிலமுறை மட்டுமே எடுக்கப்படலாம். விலை குறைந்த ஊசிக்குழலோ நாள்தோறும் பலமுறை எடுக்கப்படுகிறது. ஆகவே, எத்தனை முறை எடுக்கப்படுகிறது என்பதைக் கணக்கிட்டு, அடிக்கடி எடுக்கப்படுபவற்றை வாயிலுக்கு அருகில், இடுப்புக்கும் தோளுக்கும் இடைப்பட்ட உயரத்தில் வைத்தல் வேண்டும். எடையும் கருதத்தக்கது. 500 மி.லி. உப்புநீர்ப் புட்டிகள் 24 அடங்கிய பெட்டி 12 கிலோவுக்கு மேற்பட்ட எடையுடையது. அதனை உயரத்தில் ஏற்றாமல், தரையில் படாதவாறு தாழ்ந்த பலகையின்மீது அடுக்குவதே ஏற்றது.

எடுப்பு எண்ணிக்கையும் முழுமையான அளவுகோல் அன்று. கடும் ஒவ்வாமையின்போது தேவைப்படும் அட்ரினலின் ஊசிமருந்து அரிதாகவே எடுக்கப்படலாம். எடுக்கப்படும்போது ஒரு நொடியும் வீணாகலாகாது. உயிர்காப்பன, இன்றியமையாதன, விரும்பத்தக்கன என்னும் பகுப்பு இங்குத் துணைபுரிகிறது. உயிர்காப்பனவற்றுக்கு, எண்ணிக்கை எதுவாயினும், எளிதில் எட்டும் மாறாத இடம் வேண்டும்.

பெயர் ஒப்புமையும் பிழையும்

அகரவரிசை தேடுதலை எளிதாக்குவதாகத் தோன்றினும், ஒத்த பெயர்களை அருகருகே நிறுத்திவிடுகிறது. டோபமின், டோபுடமின் என்பன இதற்குச் சான்று. முன்னது பெரும்பாலும் இரத்த அழுத்தத்தை உயர்த்தத் தரப்படுகிறது. பின்னது முதன்மையாக இதயத்தின் சுருங்குதிறனைக் கூட்டுகிறது. ரோமன் எழுத்தில் வேறு வேறாக எழுதப்படும் இவற்றின் இரு ஒலிகளும் தமிழில் பகரம் ஒன்றாலேயே குறிக்கப்படுவதால், தமிழில் எழுதப்படும் அலமாரிச் சீட்டில் இவ்வொப்புமை மேலும் நெருக்கமாகிறது. இத்தகைய இணைகளை வெவ்வேறு தட்டுகளில் பிரித்து வைத்து, வேறுபடும் எழுத்துகளைப் பெரிதாக்கிக் காட்டுதல் நலம்.

உலக சுகாதார நிறுவனம் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட நோயாளர் பாதுகாப்புத் தீர்வுகளில் பெயர் ஒப்புமையும், செறிவு மிக்க மின்பகுளிக் கரைசல்களின் கட்டுப்பாடும் இடம்பெற்றுள்ளன. செறிவு மிக்க பொட்டாசியம் குளோரைடை நீர்க்காமல் நேரடியாக நரம்பில் செலுத்தினால் இதயம் நின்றுவிடக்கூடும். அதனை ஊசிமருந்துக்கான தூயநீர்க் குப்பிகளின் அருகில் வைப்பது நடையைக் குறைக்கலாம்; ஆனால் அச்சிக்கனம் ஏற்கத்தக்கதன்று.

பல வார்டுகளின் இண்டெண்டுகளை ஒருங்கே எடுத்துப் பின்னர்ப் பிரிக்கும் முறைக்கும் இது பொருந்தும். பஞ்சு, கையுறை போன்றவற்றுக்கு அது ஏற்றது. இடர்மிக்க மருந்துகளையோ வார்டு வாரியாகத் தனித்தே எடுத்து, இரண்டாமவர் ஒருவரும் சரிபார்த்தல் வேண்டும்.

காலாவதியும் இருபெட்டி முறையும்

முதலில் வந்தது முதலில் வெளியேறுவதைவிட, முதலில் காலாவதியாவது முதலில் வெளியேறுவதே மருந்துக்குரிய ஒழுங்கு. புதிய சரக்கைப் பின்புறம் அடுக்கி முன்புறம் எடுத்தாலும், காலாவதி நாளை ஒப்பிட்டே வரிசையை முடிவு செய்தல் வேண்டும்.

வார்டின் அன்றாடப் பொருள்களுக்கு இருபெட்டி முறை உதவும். நாளொன்றுக்கு 20 ஊசிக்குழல்கள் செலவாகி, நிரப்புவதற்கு 2 நாள் ஆகுமெனில், ஒருநாள் காப்பிருப்பும் சேர்த்துப் பெட்டிக்கு 60 வைக்கலாம். ஒரு பெட்டி வெறுமையானதுமே அது கிடங்கிற்குச் சென்று இண்டெண்டாகிவிடுகிறது. இருப்பை எண்ணும் செவிலியரின் நேரம் நோயாளிக்குக் கிடைக்கிறது.

முடிவுரை

கிடங்கில் பொருளின் இடத்தை ஓர் அளவுகோல் மட்டும் முடிவு செய்ய இயலாது. எடுப்பு எண்ணிக்கை பொதுவிதியாகவும், உயிர்காக்கும் தன்மை அதற்கு விலக்காகவும், பெயர் ஒப்புமையும் இடர்மிகுதியும் இவ்விரண்டையும் கட்டுப்படுத்துவனவாகவும் அமைய வேண்டும். சில அடிகள் கூடுதலாக நடப்பதால் இழக்கப்படும் நேரத்தை வேறு வழியில் ஈடுசெய்யலாம். தவறாக எடுக்கப்பட்ட ஒரு குப்பியால் நேரும் இழப்பை அவ்வாறு ஈடுசெய்ய இயலாது என்பதே இவ்வரிசைக்கு அடிப்படையாகும்.