பப்வா சேவ்கோலமும் நேட்டால் கிண்ணமும்

கோல்ப் என்னும் ஆட்டத்தை நம்மவரிற் பெரும்பாலோர் நுவரெலியாவின் புற்றரைகளோடும் தோட்டத்துரைமாரோடும் சேர்த்தே அறிந்திருக்கின்றனர். செல்வமும் ஓய்வும் உடையார்க்குரிய பொழுதுபோக்கு அது என்னும் எண்ணம் முற்றும் பிழையானதென்று சொல்வதற்கில்லை. ஆயினும், பிறருடைய மட்டைப்பையைச் சுமந்து கூலி பெற்ற ஓர் இந்தியர் அவ்வாட்டத்தையே தொழிலாகக் கொண்டு ஓர் அரசாங்கத்தைக் கலங்கச் செய்த வரலாறும் உண்டு. தென்னாபிரிக்காவின் டேர்பன் நகரத்தவரான பப்வா சேவ்கோலம் என்பவரே அவர்.

நேட்டால் மாகாணத்துக்கு இந்தியர் சென்ற வரலாற்றை ஈண்டுச் சுருங்கக் கூறுதல் வேண்டும். கரும்புத் தோட்டங்களில் ஒப்பந்தக் கூலிகளாக வேலை செய்ய 342 பேரை ஏற்றிச் சென்ற ‘துரூரோ’ என்னுங் கப்பல், சென்னைத் துறையினின்றும் புறப்பட்டு 1860ஆம் ஆண்டு நவம்பர் 16ஆந் திகதி டேர்பனை அடைந்தது. 1911ஆம் ஆண்டு வரை ஒன்றரை இலட்சத்துக்கு மேற்பட்டோர் அவ்வாறு சென்றனர். சென்னைவழிச் சென்றோர் பெரும்பாலும் தமிழரும் தெலுங்கருமாவர். கல்கத்தாவழிச் சென்றோர் பீகார் முதலிய வட இந்தியப் பகுதியினர். பப்வாவின் முன்னோர் இப்பிந்திய கூட்டத்தினர் என்பதை அவர் பெயரே காட்டுகின்றது. பப்வா என்பது செல்லப்பெயர். பதிவிலுள்ள அவருடைய இயற்பெயர் ‘சேவ்சங்கர்’ என ஒலிப்பது. அது சிவசங்கர் என்னும் நம் காதுக்குப் பழகிய பெயரேயாகும். ஆங்கில எழுதுவினைஞர் தம் செவியிற் பட்டவாறு எழுதி வைத்தனர் போலும்.

வறிய குடும்பத்திற் பிறந்த பப்வா பள்ளிக் கல்வி பெற்றாரல்லர். எழுதவும் வாசிக்கவும் அறியாமலே வளர்ந்து, சிறுவயதிலேயே டேர்பனுக்கு அண்மையிலுள்ள பீச்வூட் கழகத்தின் மைதானத்தில் வெள்ளையரின் மட்டைப்பைகளைச் சுமக்கும் வேலைக்குச் சென்றார். அங்கே கண்ணாற் கண்டதைத் தடியொன்றைக்கொண்டு தாமே பழகினார். கற்பிப்பார் ஒருவரும் இல்லாமையால் விளைந்த புதுமையொன்று பின்னர் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது. வலக்கைப் பழக்கமுடையோர் கோல்ப் மட்டையைப் பிடிக்கும்போது இடக்கை மேலும் வலக்கை கீழுமாக இருக்கும். கிரிக்கட் ஆடும் நம் மாணவரும் அவ்வாறே பிடிப்பர். பப்வா இதனைத் தலைகீழாக மாற்றி, வலக்கையை மேலும் இடக்கையைக் கீழும் வைத்துப் பிடித்தார். அப்பிடியோடு பந்தை நெடுந்தூரம் நேராக அடித்தல் அரிது என்பர் ஆட்டம் அறிந்தோர். ஓர் ஆசிரியர் அருகில் இருந்திருப்பின் முதல் நாளே அதைத் திருத்தியிருப்பார். திருத்தியிருந்தால் நாம் அறிந்த பப்வா கிடைத்திருப்பாரோ என்பது எம் தொழிலினர் சற்றுச் சிந்திக்கவேண்டிய வினா.

டேர்பனில் முகப்பூச்சு எண்ணெய் செய்து விற்றுவந்த கிரகாம் வுல்ப் என்னும் வெள்ளை வணிகர் பப்வாவின் திறமையைக் கண்டு தம் தொழிற்சாலையில் வேலை கொடுத்தார். 1959ஆம் ஆண்டில் தமது சிறு விமானத்திலேயே அவரை ஐரோப்பாவுக்கு அழைத்துச் சென்றார். அவ்வாண்டு ஒல்லாந்தின் பகிரங்கப் போட்டியில் பப்வா முதலிடம் பெற்றார். அதே வெற்றியை 1960இலும் 1964இலும் மீண்டும் ஈட்டினார். ஆயினும், பிறநாட்டில் வென்ற இவ்வீரர் தம் நாட்டில் வெள்ளையரோடு ஒரு மைதானத்தில் ஆடுவதற்கு ஒவ்வொரு தடவையும் இசைவு வேண்டி நிற்கவேண்டியிருந்தது.

கோல்ப் ஆட்டத்தின் இயல்பை இங்கே நோக்குதல் தகும். இதில் ஒருவரை ஒருவர் தள்ளுதலோ மறித்தலோ இல்லை. பதினெட்டுக் குழிகளிலும் பந்தை வீழ்த்துவதற்கு எத்தனை அடிகள் என்பதே கணக்கு. பெரும்போட்டிகளில் அச்சுற்று நான்கு முறை நடைபெறும். குறைந்த தொகை பெற்றவர் வென்றவர். நடுவரின் விருப்பு வெறுப்புக்கு இடம் மிகக் குறைவு. அடிகளின் தொகைக்கு நிறமும் இல்லை. ஆகவே, வெள்ளையரல்லாத ஒருவர் வெல்லாதிருக்கவேண்டுமாயின், அவரைப் போட்டிக்குள் நுழையவிடாமற் செய்தலே வழி. தென்னாபிரிக்க அரசாங்கம் இதை உணர்ந்துகொள்ளச் சில ஆண்டுகள் சென்றன.

1963ஆம் ஆண்டு நேட்டால் பகிரங்கப் போட்டி டேர்பன் கன்ட்ரி கிளப்பில் நடைபெற்றது. பப்வா அதிற் பங்குபற்ற இசைவு பெற்று, வெள்ளையர் அனைவரையும் வென்றார். ஆனால், 1950ஆம் ஆண்டு முதலாக வந்த இனப்பகுப்புச் சட்டங்கள் எவ்வினத்தவர் எவ்விடத்தில் வாழலாம், எங்கே அமர்ந்து உண்ணலாம் என்பனவற்றையெல்லாம் வரையறுத்திருந்தன. புற்றரையில் ஆடலாம், கழகக் கட்டடத்தின் வாயிலைத் தாண்டலாகாது. பரிசளிக்கும் வேளையில் மழை பெய்தது. வெள்ளையர் உள்ளே இருக்க, வென்றவர் வெளியே மழையில் நின்று கிண்ணத்தைப் பெற்றுக்கொண்டார். அத்தகைய கழகங்களில் உணவு பரிமாறும் பணியாளராக இந்தியர் உள்ளே செல்வதற்குத் தடையில்லை என்பதையும் சேர்த்து நினைக்கும்போதே அந்நிகழ்ச்சியின் முழுப்பொருளும் விளங்கும். அந்த நிழற்படம் பல நாட்டுப் பத்திரிகைகளில் வெளிவந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பகிரங்கப் போட்டியிலும் பப்வா பதின்மூன்றாம் இடத்தைச் சிலரோடு பகிர்ந்துகொண்டார். 1964இல் தோக்கியோ ஒலிம்பிக்கில் தென்னாபிரிக்கா சேர்த்துக்கொள்ளப்படவில்லை. இதற்கு ஒரு படம் மாத்திரம் காரணமென்றல் மிகை. ஆனால் நிறவேற்றுமைச் சட்டத்தை வாதத்தால் விளக்கப் புகுந்தோர்க்கு அப்படம் பெருந்துணையாயிற்று.

1965இல் நேட்டால் போட்டியைப் பப்வா மீண்டும் வென்றார். இம்முறை தோற்றவர் கேரி பிளேயர்! உலகின் நான்கு பெரும் போட்டிகளில் மூன்றை முன்னரே வென்றிருந்த அவர், நான்காவதான அமெரிக்கப் பகிரங்கப் போட்டியை அதே ஆண்டில் வென்றார். அத்தகையவரை எழுத்தறியாத ஓர் இந்தியர் முந்தியதன் பின்னர் அரசாங்கம் பொறுத்திருக்கவில்லை. இனங்கள் கலந்து ஆடுதலும் கலந்து நின்று பார்த்தலும் இசைவின்றி நடவாதவாறு ஓர் பிரகடனம் அவ்வாண்டிலேயே வந்தது. பப்வாவுக்கு இசைவு மறுக்கப்பட்டது. உள்நாட்டுப் பெரும் போட்டிகளின் வாயில்கள் அடைக்கப்பட்டன. கடவுச்சீட்டும் பறிக்கப்பட்டமையால் ஒல்லாந்துக்குச் செல்லும் வழியும் அடைந்தது. ஆட்டக்காரனுக்கு ஆண்டுகள் மீண்டும் வருவதில்லை. சிறைப்பட்ட ஓர் எழுத்தாளன் சிறையிலிருந்தும் எழுதலாம். மைதானமில்லாத கோல்ப் வீரன் யாது செய்வான்?

பிளேயரைப் பற்றியும் ஒரு சொல் கூறவேண்டும். 1966இல் வெளிவந்த தம் நூலில் நிறவேற்றுமைக் கொள்கைக்குச் சார்பாக எழுதிய அவர், பிற்காலத்தில் அக்கருத்தைக் கைவிட்டார். 1971இல் அமெரிக்கக் கறுப்பரான லீ எல்டர் தென்னாபிரிக்காவில் வந்து ஆடுவதற்கு முன்னின்றவரும் அவரே. ஆனால் அதற்குள் பப்வாவின் நல்ல ஆண்டுகள் கழிந்துவிட்டன. 1978ஆம் ஆண்டில், ஐம்பது வயது நிரம்பு முன்னர், மாரடைப்பால் அவர் வறியவராகவே இறந்தார்.

இனப் பகுப்புச் சட்டம் 1991இல் நீக்கப்பட்டது. டேர்பன் நகரசபையின் கோல்ப் மைதானம் ஒன்றுக்குப் பப்வா சேவ்கோலத்தின் பெயர் இடப்பட்டது. குழிக்கு அருகிற் பந்தை மெல்லத் தட்டும்போது இடக்கையைக் கீழே வைத்துப் பிடிப்போர் இன்று உலகின் முன்னணி வீரரிடையேயும் உளர். நெடிய அடிக்கும் அப்பிடியையே கையாண்டு பெரும்போட்டிகளை வென்றவர் மிக அரியர்.