முதுகிலே வீடு, முன்னே மலை

கடலைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். கருவடிக்குப்பத்துத் தெருவில் நின்று எந்தத் திசையில் பார்த்தாலும் ஒரு குன்றுகூடக் கண்ணில் படாது. மேடு என்று பெயரெடுத்த கோரிமேட்டையும் சைக்கிளை விட்டு இறங்காமலே ஏறிவிடலாம். இப்படிப்பட்ட ஊரிலிருந்து புறப்படும் ஒரு பெண், சாலையும் கடையும் மின்விளக்கும் இல்லாத பனிமலைப் பிரதேசத்தில், 4,000 மீட்டருக்கும் மேலே ஏறி, ஐந்து நாட்கள் நடந்து திரும்ப முடியுமா? தாராளமாக முடியும். அதற்குப் பெரிய உடற்பலம் வேண்டும் என்று பலரும் எண்ணிக்கொண்டிருக்கிறார்கள். அவ்வுயரத்தில் மெதுவாக நடக்கத் தெரிந்திருப்பதுதான் முதல் தகுதி. அது ஏன் என்று பார்ப்போம்.

கூடாரம், படுக்கை, அடுப்பு, அரிசி, மருந்து எல்லாவற்றையும் பையில் கட்டி முதுகில் சுமந்துகொண்டு, பகலில் நடந்து, மாலையில் தண்ணீர் உள்ள இடத்தில் கூடாரமடித்துத் தங்கி, மறுநாள் மீண்டும் நடப்பதே இப்பயணம். நம் நாட்டில் இதை டிரெக்கிங் என்கிறார்கள். இமயத்தில் ஏறத்தாழ 3,500 மீட்டருக்கு மேல் மரங்கள் நின்றுவிடுகின்றன. கடைசியாக நிற்பது பூர்ஜ மரம். முன்னோர் இதன் பட்டையில்தான் சுவடி எழுதினார்கள். அதற்கு மேலே பரந்த புல்வெளி, பாறை, பனி, அவ்வளவுதான். இந்தப் புல்வெளிகளைக் காஷ்மீரத்தில் 'மார்க்' என்றும், உத்தரகண்டில் 'புக்யால்' என்றும் சொல்வார்கள். சோன்மார்க், குல்மார்க் என்ற பெயர்களைப் பூகோளப் பாடத்தில் படித்திருப்பீர்களே!

புதிதாகச் செல்பவர்களுக்கு ஏற்ற வழிகளில் ஒன்று இமாசலப் பிரதேசத்தில் உள்ள ஹம்டா கணவாய். மணாலிக்கு மேலே ஜோப்ரா என்னுமிடத்தில் வண்டி நின்றுவிடும். அங்கிருந்து சிக்கா, பாலு கா கேரா என்ற தங்குமிடங்களைக் கடந்து, மூன்றாம் நாள் 4,270 மீட்டர் உயரக் கணவாயைத் தாண்டி, ஷியா கோரு என்னுமிடத்தில் தங்கி, நான்காம் நாள் சந்திரா நதிக்கரையிலுள்ள சத்ருவில் இறங்குவார்கள். ஐந்தாம் நாள் சந்திரதால் ஏரியைப் பார்த்துத் திரும்புவார்கள். நடக்கும் தூரம் என்று பார்த்தால், நாம் கடலூருக்குப் போய்த் திரும்பும் தூரத்தைவிடக் குறைவுதான்.

ஆனால் அந்தக் கணவாய் இரண்டு உலகங்களுக்கு நடுவே கிடக்கும் வாசற்படி. இந்தப் பக்கம் குல்லு, ஈரமும் பசுமையும் தேவதாரு மரங்களுமாக இருக்கும். அந்தப் பக்கம் லாஹுல், பழுப்பும் சாம்பலுமாய் ஒரு மரமில்லாத வறண்ட பூமி. தென்மேற்குப் பருவமேகங்கள் குல்லுப் பக்கமே மழையைக் கொட்டித் தீர்த்துவிடுவதால், மலையைத் தாண்டி ஈரம் போவதில்லை. மழை மறைவுப் பிரதேசம் என்று புத்தகத்தில் மனப்பாடம் செய்கிறோம் அல்லவா? அங்கே அதை ஒரே நாளில் காலால் நடந்து கடக்கலாம். கணவாயின் உச்சியிலிருந்து 6,221 மீட்டர் உயர இந்திராசனும், 6,001 மீட்டர் உயர தேவ திப்பாவும் பனி மூடித் தெரியும்.

இவ்வழிகளைக் கண்டுபிடித்தவர்கள் உல்லாசப் பயணிகள் அல்லர். கத்தி எனப்படும் ஆட்டிடையர்கள் தலைமுறை தலைமுறையாகக் கோடையில் மந்தைகளை ஓட்டிக்கொண்டு இத்தகைய கணவாய்களைக் கடந்து லாஹுலின் புல்வெளிகளுக்குச் செல்கிறார்கள். நம் இராமநாதபுரத்துக் கீதாரிகளைப் போன்றவர்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவர்கள் அணியும் கம்பளிச் சோளாவை நீண்ட கம்பளிக் கயிற்றால் இடுப்பில் சுற்றிக் கட்டியிருப்பார்கள். அதன் மடிப்புக்குள் ஆட்டுக்குட்டியையே வைத்துச் சுமந்து செல்வதும் உண்டு. ஆடு மேய்ந்துகொண்டே போகும் வேகம்தான் அவர்கள் வேகம்.

அந்த வேகம்தான் சரியான வேகம் என்று விஞ்ஞானமும் சொல்கிறது. உயரே செல்லச் செல்லக் காற்றின் அழுத்தம் குறைகிறது. ஹம்டா கணவாயில் அது கடல் மட்டத்தில் உள்ளதில் ஏறத்தாழ 60 சதவிகிதம்தான். கடற்கரையில் நாம் இழுக்கும் ஒரு மூச்சில் கிடைக்கும் பிராணவாயுவில் ஐந்தில் மூன்று பங்கே அங்கே ஒரு மூச்சில் கிடைக்கும். உடல் இதற்குத் தன்னைப் பழக்கிக்கொள்ளும் திறமை உடையது. முதலில் மூச்சு வேகமாகிறது. பிறகு சில நாட்களில் இரத்தத்தில் மாற்றங்கள் ஏற்படுகின்றன. அந்தச் சில நாட்களை உடலுக்குக் கொடுக்க மறுப்பவர்களுக்குத்தான் ஆபத்து வருகிறது.

தலைவலி, குமட்டல், பசியின்மை, தூக்கமின்மை ஆகியவை முதல் அறிகுறிகள். இவற்றை அலட்சியம் செய்து மேலும் ஏறினால் நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளலாம். அப்போது உட்கார்ந்திருக்கும்போதும் மூச்சு வாங்கும், இருமல் வரும். மூளையில் வீக்கம் கண்டால் பேச்சுக் குழறும். நேர்க்கோட்டில் நடக்க முடியாமல் தள்ளாடும். இரண்டுமே உயிரைப் பறிப்பவை. முதல் மருந்து கீழே இறங்குவதுதான். விடியட்டும் என்று காத்திராமல் உடனே இறங்க வேண்டும். நோய் வராமல் தடுக்க ஒரு விதி உண்டு: 3,000 மீட்டரைத் தாண்டிய பிறகு, இரவு உறங்கும் இடத்தை நாளொன்றுக்கு 500 மீட்டருக்கு மேல் உயர்த்தக் கூடாது. மூன்று நான்கு நாட்களுக்கு ஒருமுறை முழு ஓய்வும் வேண்டும். பகலில் அதிக உயரம் ஏறி, இரவில் சற்றுக் கீழே வந்து தூங்குவது மிக நல்லது. இந்நோய்க்கு ஆண் பெண் என்ற பேதம் கிடையாது. பலசாலியான இளைஞர்களையே இது அடிக்கடி பிடிக்கிறது என்றால் அதற்குக் காரணம், அவர்கள் ஓடி ஏறுவதுதான்.

குளிர் இன்னொரு எதிரி. ஒரு கிலோமீட்டர் உயரத்துக்குச் சுமார் ஆறரை டிகிரி வெப்பம் குறைகிறது. நம் ஊரில் 35 டிகிரி என்றால் கணவாயில் ஏழெட்டு டிகிரிதான். அதுவும் பகலில், வெயில் காயும்போது! காற்றும் ஈரமும் சேர்ந்தால் என்ன நேரும் என்பதற்கு ஒரு துயரச் சம்பவமே சாட்சி. 2024 ஜூன் மாதத் தொடக்கத்தில், உத்தரகண்டில் உள்ள சஹஸ்ரதால் ஏரிப் பக்கம் சென்ற 22 பேர் கொண்ட குழு பனிப்புயலில் சிக்கியது. ஒன்பது பேர் உயிரிழந்தனர். பெரும்பாலோர் கர்நாடகத்தைச் சேர்ந்தவர்கள். மலைநடையில் அனுபவம் உள்ளவர்களும் அவர்களில் இருந்தனர். அது குளிர்காலமும் அன்று. நாம் இங்கே விசிறியைச் சுழலவிட்டு உட்கார்ந்திருக்கும் ஜூன் மாதம்.

எனவே பையில் என்ன வைக்கிறோம் என்பது உயிர்ப் பிரச்சினை. நாம் அன்றாடம் விரும்பி உடுத்தும் பருத்தி அங்கே உதவாது. நனைந்தால் காய நேரமாகும். காயும்வரை உடற்சூட்டை உறிஞ்சிக்கொண்டேயிருக்கும். கம்பளி நனைந்தாலும் ஓரளவு சூடு தரும். தடித்த ஒரே சட்டையைவிட மெல்லியவை மூன்றை ஒன்றன்மேல் ஒன்றாக அணிவது சிறந்தது. இடையில் தங்கும் காற்றுதான் நம்மைக் காப்பது. மேலே காற்றும் மழையும் புகாத ஒரு அங்கி வேண்டும். தரைக்கும் உடலுக்கும் நடுவே ஒரு பாய் விரிப்பு அவசியம், ஏனெனில் சூட்டைத் திருடுவதில் ஆகாயத்தைவிடத் தரை பொல்லாதது.

மாற்றுக் கையுறையும் மாற்றுக் காலுறையும் ஏன் என்று கேட்பவர்களுக்கு ஒரு கதை. நம் புதுச்சேரியில் பிரெஞ்சுக் கொடி பறந்துகொண்டிருந்த காலத்தில், 1950 ஜூன் 3 ஆம் நாள், மொரீஸ் ஹெர்சோக், லூயி லாஷனால் என்ற இரு பிரெஞ்சுக்காரர்கள் 8,091 மீட்டர் உயர அன்னபூர்ணாச் சிகரத்தை எட்டினார்கள். எட்டாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரம் ஒன்றில் மனிதன் கால் வைத்தது அதுவே முதல் தடவை. இறங்கும் வழியில் ஹெர்சோக் பையைத் திறப்பதற்காகக் கையுறைகளைக் கழற்றி வைத்தார். அவை சரிவில் உருண்டு போய்விட்டன. அவரது பையில் ஒரு ஜோடி மாற்றுக் காலுறை இருந்தது. அதைக் கையில் மாட்டிக்கொள்ளலாம் என்று அந்த நேரத்தில் அவருக்குத் தோன்றவே இல்லை! பனிக்கடியால் கைவிரல்களில் பெரும்பாலானவற்றையும் கால்விரல்கள் அனைத்தையும் இழந்தார். பிராணவாயு குறைந்த இடத்தில் மூளையும் மெதுவாகவே வேலை செய்கிறது என்பதை இச்சம்பவம் காட்டுகிறது. யோசிக்க வேண்டியதையெல்லாம் கீழே இருக்கும்போதே யோசித்துப் பையில் வைத்துவிட வேண்டும்.

ஆனால் கண்டதையெல்லாம் வைக்கவும் முடியாது. உடல் எடையில் ஐந்தில் ஒரு பங்கு சுமை என்பது நல்ல அளவு. 45 கிலோ உள்ள பெண்ணுக்கு 9 கிலோ. கூடாரம், உறக்கப் பை, உடை, தண்ணீர், ஐந்து நாள் உணவு என்று கணக்குப் போட்டால் எளிதில் 12 கிலோவைத் தாண்டிவிடும். கூடாரத்தையும் பாத்திரத்தையும் தோழியர் பங்கிட்டுச் சுமப்பதும், நம் நாட்டில் பெரும்பாலான குழுக்கள் பொதுச் சாமான்களைக் கோவேறு கழுதைகளின்மேல் ஏற்றுவதும் இதனால்தான். பையின் இடுப்புப் பட்டையை இறுக்கிக் கட்டிச் சுமையை இடுப்பெலும்பின் மேல் உட்கார வைக்க வேண்டும். தோளில் தொங்கவிட்டால் அரை நாளில் தோள் கழன்றுவிடும். இடுப்பில் குடம் வைத்துத் தண்ணீர் சுமந்த நம் பாட்டிமாருக்கு இதை யாரும் சொல்லித் தர வேண்டியதில்லை.

சமையலிலும் மலை தன் குணத்தைக் காட்டும். அழுத்தம் குறைந்த காற்றில் தண்ணீர் 100 டிகிரியில் கொதிப்பதில்லை. ஹம்டா உயரத்தில் ஏறத்தாழ 86 டிகிரியிலேயே தளதளவென்று கொதித்துவிடும். அதற்கு மேல் எத்தனை விறகு எரித்தாலும் சூடு ஏறாது. சோறு நறுக்கரிசியாகவே நிற்கும். பருப்பு மணிக்கணக்கில் கொதித்தும் வேகாது. ஆகவே அவ்வளவு கனமான பிரஷர் குக்கரையும் மலைக்குச் சுமந்து செல்கிறார்கள். சத்துமாவு, அவல், பொரிகடலை, வெல்லம், வேர்க்கடலை உருண்டை ஆகியவை வேகவைக்க வேண்டாதவை. பனிமலைக்கென்றே நம் வீடுகளில் பண்டம் செய்து வைத்திருக்கிறார்களோ என்று தோன்றுகிறது!

ஓடைகளைக் கடப்பதற்கும் நேரம் உண்டு. பனி உருகி வரும் ஓடை, காலையில் முழங்கால் அளவு ஓடும். வெயில் ஏறி மேலே பனி உருகியதும் பிற்பகலில் அதே ஓடை ஆளை இழுத்துச் செல்லும் அளவுக்குப் பெருகிவிடும். அதனால் விடிந்ததும் கடந்துவிடுவதே வழக்கம். நாம் மழையைக் கண்டு வெள்ளத்தை அறிபவர்கள். அங்கே வெயிலைக் கண்டு வெள்ளத்தை அறிய வேண்டும்.

பெண்கள் கேட்கத் தயங்கும் ஒரு விஷயத்தையும் சொல்லிவிடுவது நல்லது. ஒதுங்குவதற்கு நீர்நிலையிலிருந்து அறுபது எழுபது மீட்டராவது தள்ளிப் போய், சாண் ஆழம் குழி தோண்டி, பிறகு மண்ணால் மூடிவிட வேண்டும். மாதாந்திர நாட்கள் வந்தாலும் நடக்கத் தடையில்லை. பயன்படுத்தியவற்றைக் கெட்டியான உறையில் கட்டிப் பையிலேயே கீழே கொண்டுவர வேண்டும். குளிர்ந்த மண்ணில் எதுவும் எளிதில் மக்குவதில்லை. பல குழுக்கள் கழித்துப் போட்ட குப்பையால் புல்வெளிகள் பாழானதைக் கண்டே, உத்தரகண்ட் உயர் நீதிமன்றம் 2018இல் புக்யால்களில் இரவு தங்குவதைத் தடை செய்தது.

இனி வீட்டார் அனுமதிக்கு வருவோம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணி மலையில் மூண்ட காட்டுத் தீ இருபதுக்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு போயிற்று. அவர்களில் பலர் இளம் பெண்கள். அன்று முதல் மலைநடை என்ற பேச்சை எடுத்தாலே தாய்மார் முகம் மாறுகிறது. அவர்கள் அச்சம் நியாயமானதே. புல் காய்ந்து நிற்கும் மாதத்தில் மலைச்சரிவில் தீ எவ்வளவு வேகமாக ஏறும் என்பதை நாடே கண்டது. அதன்பின் தமிழ்நாட்டில் மலைநடைக்கு அரசு விதிகள் வகுத்தது. 2024 அக்டோபர் முதல் வனத்துறையே நாற்பது வழிகளில் வழிகாட்டிகளுடன் அழைத்துச் செல்லும் திட்டமும் வந்திருக்கிறது. தீக் காலத்தில் அவ்வழிகள் மூடப்படும். 'எப்போது போகக் கூடாது?' என்ற கேள்விக்குப் பதில் தெரிந்த பெண்ணை அனுப்ப எந்தத் தாயும் சற்று மனமிளகுவாள்.

பெண்கள் போனதில்லையா என்ன? உத்தரகாசி அருகே நாகுரி கிராமத்தில் பிறந்த பச்சேந்திரி பால் 1984 மே 23 அன்று எவரெஸ்ட் சிகரத்தை எட்டினார். இந்தியப் பெண்களில் அவரே முதல்வர். அதைவிட நம் பொருளுக்கு நெருக்கமானது 1997இல் அவர் தலைமையில் நடந்த பயணம். எட்டுப் பெண்கள் அருணாசலப் பிரதேசத்தில் தொடங்கி, நாற்பதுக்கும் மேற்பட்ட கணவாய்களைக் கடந்து, சுமார் 4,500 கிலோமீட்டர் நடந்து, 225 நாட்களில் சியாச்சின் பனியாற்றை அடைந்தார்கள். நாளொன்றுக்குச் சராசரி இருபதே கிலோமீட்டர்! 2022இல் ஐம்பது வயதைத் தாண்டிய பெண்களைச் சேர்த்துக்கொண்டு அதே போன்ற நெடும்பயணத்தை மீண்டும் நடத்திக் காட்டினார். 2023 மே மாதம் விருதுநகர் மாவட்டத்தைச் சேர்ந்த முத்தமிழ்ச்செல்வி எவரெஸ்ட் ஏறியபோது, தமிழ்நாட்டுப் பெண்களுக்கும் அந்தக் கதவு திறந்தது.

முறையாகக் கற்க விரும்புவோருக்கு டார்ஜிலிங்கில் 1954இல் தொடங்கிய நிறுவனமும், மணாலியில் 1961இல் தொடங்கியதும், உத்தரகாசியில் 1965இல் தொடங்கிய நேரு மலையேற்ற நிறுவனமும் உள்ளன. அடிப்படைப் பயிற்சி நான்கு வாரம் அளவில் நடக்கும். என்.சி.சி.யில் சேர்ந்த மாணவியருக்கு மலைநடை முகாம்களுக்குச் செல்லும் வாய்ப்பும் உண்டு.

அதற்கு முன் இங்கேயே தொடங்கலாம். கடற்கரை மணலில் சுமையோடு நடப்பது கணுக்காலைப் பலப்படுத்தும். மாடிப்படிகளில் ஐந்து கிலோ அரிசிப் பையுடன் ஏறி இறங்கலாம். இரண்டு மாதம் இப்படிப் பழகிய பின் ஒரு நாள் செஞ்சிக்குப் போய் ராஜகிரிக் கோட்டைமேல் ஏறிப் பாருங்கள். சுமார் 800 அடி உயரம். அதிகாலையில் தொடங்கி, பேசிக்கொண்டே ஏற முடிகிற வேகத்தில் ஏற வேண்டும். பேச முடியாமல் மூச்சு இரைத்தால் நீங்கள் வேகமாகப் போகிறீர்கள் என்று அர்த்தம். ஹம்டாவிலும் அதே கணக்குதான்.