பதின்வயதில் பச்சை உணவு: உங்களுக்குத் தெரியுமா?

‘இனிமேல் அடுப்பில் வைத்த எதுவும் வேண்டாம்மா, பால் தயிரும் வேண்டாம்’ என்று பத்தாவது படிக்கும் மகள் சொல்கிறாள். போனில் பார்த்த வீடியோக்கள் அவளை அப்படிச் சொல்ல வைத்திருக்கின்றன. திட்டுவதற்கு முன்பும், ‘நல்லதுதானே’ என்று விட்டுவிடுவதற்கு முன்பும் இவற்றைப் படித்துவிடுங்கள்.

● ‘ரா வீகன்’ உணவில் பால், மோர், நெய், முட்டை, தேன் எதுவும் கிடையாது. மிச்சமுள்ள தாவர உணவையும் ஏறத்தாழ 48 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக்கக் கூடாது. இட்லி, சோறு, சாம்பார், சுண்டல், கேழ்வரகுக் கூழ் எல்லாம் ஒரே நாளில் தட்டை விட்டுப் போய்விடும்.

● ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020இல் வெளியிட்ட பரிந்துரைப்படி, 13 முதல் 15 வயதுள்ள பெண்ணுக்கு ஒரு நாளைக்கு 2400 கலோரி, 43 கிராம் புரதம், 1000 மில்லிகிராம் கால்சியம், 30 மில்லிகிராம் இரும்புச்சத்து தேவை. நடுத்தர வாழைப்பழம் ஒன்றில் சுமார் 100 கலோரி. கலோரிக்காக 24 பழம் சாப்பிட்டாலும் புரதம் 30 கிராமைத் தாண்டாது. கால்சியம் 150 மில்லிகிராமைக்கூட எட்டாது. தேங்காய் சேர்த்தால் கலோரிக் கவலை தீரும், கால்சியம் கவலை தீராது. எள்ளில் கால்சியம் மிகுதிதான். ஆனால் தோல் நீக்காத எள்ளில் உள்ள ஆக்சலேட், அந்தக் கால்சியத்தில் பெரும்பங்கை உடம்பில் சேரவிடாமல் பிடித்து வைத்துக்கொள்கிறது. 16 வயதைத் தாண்டிய பையனுக்கோ 3300 கலோரிக்கு மேல் வேண்டும். காயும் பழமும் கொண்டு அதை நிரப்புவதற்குள் வயிறு நிரம்பிவிடும்.

● வைட்டமின் பி12 எந்தத் தாவரத்திலும் உருவாவதில்லை. நுண்ணுயிர்கள்தான் அதை உருவாக்குகின்றன. நம் வீட்டுச் சைவர்களுக்கு அது பால், தயிர், மோர் வழியாகக் கிடைத்துவந்தது. அவற்றையும் நிறுத்தினால் மாத்திரையையோ பி12 சேர்த்த உணவையோதான் நம்பவேண்டும். ‘ஸ்பைருலினா சாப்பிடுகிறேனே’ என்பார்கள். அதில் இருப்பதில் பெரும்பகுதி பி12 போலத் தோற்றம் காட்டும் வேறொரு பொருள். நம் உடலுக்குப் பயன்படாது.

இந்தக் குறைபாட்டின் ஆபத்து, அது சத்தமில்லாமல் வருவதில்தான் இருக்கிறது. கல்லீரலில் சேமிப்பு இருப்பதால் முதல் சில மாதங்கள், சிலருக்கு ஆண்டுகள்கூட ஒன்றும் தெரியாது. ‘பார், நான் நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று பிள்ளை சொல்வதும் அந்தக் காலத்தில்தான். கீரையும் பழமும் நிறையத் தின்பவர்களுக்கு ஃபோலேட் சத்து தாராளமாகக் கிடைக்கும். அது பி12 குறைவால் வரும் ரத்தசோகையை மறைத்துவிடக்கூடும். நரம்புச் சேதமோ உள்ளே நடந்துகொண்டிருக்கும். கைகால் மதமதப்பு, மறதி, நடையில் தள்ளாட்டம் என்று வெளியே தெரிய வரும்போது, சிலருக்கு முழுக்கச் சரியாவதில்லை.

● உணவில் பெரும்பகுதியைச் சமைக்காமலே உண்டுவந்த 500க்கும் மேற்பட்டவர்களை ஜெர்மனியின் கீசன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஆராய்ந்து 1999இல் முடிவை வெளியிட்டார்கள். பெண்கள் சராசரியாக 12 கிலோ எடை இழந்திருந்தார்கள். 45 வயதுக்குக் கீழ்ப்பட்ட பெண்களில் சுமார் 30 சதவீதம் பேருக்கு மாதவிடாய் தடைபட்டிருந்தது அல்லது அறவே நின்றிருந்தது. வளர்ந்த பெண்களுக்கே இந்த நிலை. 2005இல் வெளியான மற்றோர் ஆய்வில் இத்தகைய உணவுக்காரர்கள் 201 பேரில் 38 சதவீதம் பேருக்கு பி12 குறைபாடு. கெட்ட கொழுப்பு அவர்களுக்குக் குறைவாக இருந்தது என்பதையும் அதே ஆய்வு சொல்கிறது. ஆனால் பதினைந்து வயதில் நம் பிள்ளைகளுக்கு அவசரத் தேவை அதுவல்லவே.

● எலும்பின் உச்ச வலிமையில் சுமார் 90 சதவீதத்தைப் பெண்கள் 18 வயதுக்குள்ளும் ஆண்கள் 20 வயதுக்குள்ளும் சேர்த்துவிடுகிறார்கள். அந்த வயதில் விட்டதைப் பிறகு முழுமையாக ஈடுகட்ட முடியாது. அமெரிக்காவில் நெடுநாள் ரா வீகன் உணவில் இருந்த 18 பெரியவர்களைச் சோதித்தபோது, முதுகெலும்பிலும் இடுப்பெலும்பிலும் அடர்த்தி குறைந்திருந்தது.

● 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. சமைத்த சாப்பாடு சாப்பிட்டே இந்த நிலை.

● முளைகட்டிய பயறு எப்போதும் பாதுகாப்பானதல்ல. 2011இல் ஜெர்மனியில் வெந்தய முளையிலிருந்து பரவிய ஈகோலை கிருமியால் 3,800க்கும் மேற்பட்டோர் நோயுற்றார்கள். 50க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். முளைக்கத் தேவையான வெதுவெதுப்பும் ஈரமும் கிருமிக்கும் பிடித்தமானவை. ஆவியில் வேகவைத்துச் சாப்பிடுங்கள்.

● ராஜ்மாவைச் சரியாக வேகவைக்காமல் நாலைந்து விதை தின்றாலே வாந்தியும் பேதியும் வரலாம். 2006இல் ஜப்பானில் ஒரு டிவி நிகழ்ச்சி, வெள்ளை பீன்ஸ் விதையைச் சில நிமிடம் வறுத்துப் பொடித்துச் சோற்றில் தூவினால் எடை குறையும் என்று சொன்னது. நம்பிச் செய்த ஆயிரம் பேர் அளவில் நோயில் விழுந்தார்கள். மரவள்ளிக்கிழங்கைப் பச்சையாகத் தின்னக் கூடாது என்பது நம் ஊரில் எல்லோருக்கும் தெரியும். அதில் சயனைடு உண்டாகும்.

● ‘சமைத்தால் என்சைம் செத்துவிடும்’ என்பது உண்மை. ஆனால் என்சைமும் ஒரு புரதம்தான்; பச்சையாகத் தின்றாலும் பெரும்பாலும் வயிற்று அமிலத்தில் சிதைந்துபோகும். செரிமானத்துக்கான என்சைம்களை உடம்பே சுரக்கிறது. வேகவைத்தால் வைட்டமின் சி குறைவது நிஜம். கேரட்டின் கரோட்டினும் தக்காளியின் லைகோபீனும் வெந்தபிறகு உடம்பில் கூடுதலாகச் சேர்வதும் அதே அளவு நிஜம்.

● காந்தியடிகள் 1929இல் சமைக்காத உணவைச் சோதித்துப் பார்த்து, அதுபற்றி ‘யங் இந்தியா’வில் எழுதினார். வயிற்றுக்கடுப்பு வந்ததும் சோதனையைக் கைவிட்டு ஆட்டுப்பாலுக்குத் திரும்பினார். அப்போது அவருக்கு வயது 59. வளரவேண்டிய எலும்பு அவருக்கு இல்லை.

● ‘சுத்தமான’ உணவின் மீதே வெறியாகிப் பட்டியலைச் சுருக்கிக்கொண்டே போவதை அமெரிக்க மருத்துவர் ஸ்டீவன் பிராட்மன் 1997இல் ‘ஆர்த்தோரெக்சியா’ என்று குறிப்பிட்டார். பிள்ளை கல்யாண வீட்டுப் பந்தியைத் தவிர்த்தால், நண்பர்களோடு சாப்பிட மறுத்தால், ஒரு வாய் சோறு தின்றதற்குக் குற்றவுணர்வில் அழுதால் உணவைப் பற்றி வாதாடாதீர்கள். மனநல ஆலோசகரிடம் அழைத்துப் போங்கள்.

● விலங்குகள் மேல் உள்ள பரிவால் வீகனாக விரும்பும் பிள்ளையைக் கேலி செய்யாதீர்கள்; அது மதிக்கவேண்டிய எண்ணம். பருப்பு, கொண்டைக்கடலை, கேழ்வரகு, சோயா, கால்சியம் சேர்த்த சோயாபால், தவறாமல் பி12 மாத்திரை, உணவியல் நிபுணரின் மேற்பார்வை இத்தனையும் இருந்தால் சமைத்த வீகன் உணவை யோசிக்கலாம். வெள்ளரி, கேரட், கொய்யா, நெல்லிக்காய் தினமும் பச்சையாகத் தட்டில் இருக்கட்டும். ஆனால் 18 வயதுக்குள் முழுக்கச் சமைக்காத வீகன் உணவு வேண்டவே வேண்டாம். ஏற்கெனவே சில மாதங்களாக அப்படித்தான் சாப்பிடுகிறாள் என்றால் ஹீமோகுளோபின், பி12, வைட்டமின் டி மூன்றையும் இந்த வாரமே பரிசோதித்துவிடுங்கள். மாதவிடாய் தள்ளிப்போயிருந்தால் அந்த ஒரு வாரம்கூடக் காத்திருக்காமல் மருத்துவரிடம் அழைத்துப் போங்கள்.